ஆம்பர் ஏலுக்கு மார்க் போடும் மாப்ளைக்கு

மாப்ளே, பெங்களூருல பீருக்கு மார்க் போடற வித்தை கத்துக்கிறியாமே? கம்பெனி உனக்குச் சம்பளம் குடுக்குது, நீ அந்தச் சம்பளத்தை இந்த வித்தைக்குக் குடுக்கறே. கணக்கு சரியாத்தான் இருக்கு. நம்ம வம்சத்துல பத்திரம் எழுதினவன் உண்டு, பஞ்சாயத்துல பொய்ச்சாட்சி சொன்னவனும் உண்டு. சரக்கை மோந்து பாத்து சர்டிபிகேட் குடுக்கிற ஆளு மட்டும் இதுவரைக்கும் இல்லாம இருந்துச்சு. அந்தக் குறையை நீ தீத்து வெச்சுட்டே. உன் அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். சொன்னா அவளுக்குப் புரியாது. புரிஞ்சா இன்னும் மோசம்.

ஆனா யோசனை கேக்கறதுக்கு ஊரு தேடிப் புடிச்சே பாரு! ஏற்காட்டு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி. இந்தியாவுலயே முதமுதல்ல மதுவிலக்கு பாத்த ஜில்லா நம்ம சேலம். 1937-ல ராஜாஜி சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரியானாரு. அந்த வருஷமே அக்டோபர் 1-ந் தேதி, இத்தனை பெரிய மாகாணத்துல வேற எந்த ஜில்லாவையும் தொடாம, நம்ம ஜில்லாவுக்குத்தான் முதல் பூட்டைப் போட்டாரு. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப இதுக்குள்ளதான். சொந்த மண்ணுமேல அம்புட்டுப் பாசம். அதுக்கு முன்னாலயே திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமத்துல உக்காந்துகிட்டு, குடியை ஒழிக்கிறதுக்குன்னே ‘விமோசனம்’னு ஒரு பத்திரிகை நடத்தினவரு. கூடமாட வேலை பாத்தது கல்கி. ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்துலதான் இருக்கு. வாராவாரம் அவரு ஊருப் பக்கமாத்தான் நீ பீர் குடிக்கப் போறே. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போ, தப்பில்ல. அதுக்கும் முந்தி பெரியாரு, கள்ளுக்கு உதவக்கூடாதுன்னு இதே சேலம் தாதம்பட்டியில தன் தோப்புத் தென்னை 500-ஐ வெட்டிச் சாச்சாரு. இப்பேர்ப்பட்ட மண்ணுல உக்காந்திருக்கிற கெழவன்கிட்ட வந்து, ‘மாமா, ஆம்பர் ஏல் பீருக்கு பினிஷ் எப்படி இருக்கணும்?’னு கேக்கறே.

கேளு, கேளு. கேக்கறதுக்கு இன்னும் வரி போடல. வரின்னதும் ஞாபகம் வருது. அந்த மதுவிலக்கால குடிக்கிறவன் கட்டின காசு நின்னு போச்சு, கஜானாவுல ஓட்டை விழுந்துச்சு. அதை அடைக்க 1939-ல விற்பனை வரியைக் கொண்டாந்தாங்க. குடிக்காதவன் துணி வாங்கினாலும் துட்டு, மளிகை வாங்கினாலும் துட்டு. அன்னியிலிருந்து இந்த நாட்டுல யோக்கியனா இருக்கிறதுக்கும் பில்லு உண்டு. இன்னொண்ணும் சொல்றேன். 2003-லிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில பாட்டில் விக்குதே, அந்தக் கடை எந்தச் சட்டத்துல நடக்குதுன்னு நினைக்கிறே? அதே 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழ போட்ட விதியிலதான். மதுவிலக்குச் சட்டத்தை வெச்சே மதுக்கடை நடத்தற ராஜ்ஜியத்துல பொறந்தவன் நீ. வெளியில ஒட்டியிருக்கிற பேரு ஒண்ணு, உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுன்னு கண்டுபிடிக்க உன்னைவிடத் தோதான ஆளு உலகத்துல உண்டா? நடுவர் வேலைக்கு நீ பிறவியிலேயே பாஸ்.

நான் குடிப்பேனா மாட்டேனான்னு மட்டும் கேட்டுடாதே. கேட்டா உண்மையைச் சொல்லவேண்டி வரும், நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கிடையாது. எனக்கு இதுல வாய் தொறக்க என்ன தகுதின்னா, ஓமலூர்ப் பக்கம் ஆலைக்கொட்டாய்ல வெல்லக் கொப்பரை முன்னாடி நின்ன மூக்கு இது. பாகு எப்ப மணக்கும், எப்பக் காந்தும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லும். உன் ஆம்பர் ஏலும் அதே சங்கதிதான். கொப்பரை வேற, கூலி வேற, அவ்வளவுதான்.

நீ செல்போன்ல காட்டினியே, அமெரிக்காக்காரன் 1985-லிருந்து நடத்தற பீர் நடுவர் சபையோட மார்க்குத் தாளு, அதை முழுக்கப் படிச்சேன். மொத்தம் 50 மார்க்கு. வாசனைக்கு 12, ருசிக்கு 20, வாயில இருக்கிற கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. பாக்கிற அழகுக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 3. நிறம், தெளிவு, நுரை மூணும் அந்த மூணு மார்க்குக்குள்ள அடங்கணும். நீ என்ன பண்றே? டம்ளரைத் தூக்கி லைட்டுக்கு நேரா புடிச்சு, நாலு கோணத்துல படம் எடுத்து, ‘என்ன ஒரு செம்பு நிறம்!’னு ஊருக்கே அனுப்பறே. நுரை செத்து, குளிர்ச்சி போயி, வாசனை காத்துல கலந்தப்புறம் குனிஞ்சு மோந்து பாக்கறே. மூணு மார்க்குக்காக பன்னெண்டைப் பறக்கவிட்ட புத்திசாலி நீ ஒருத்தன்தான். அப்படியே செய், மாப்ளே. நிறம்னா நமக்கு உசுரு.

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வா, நிறத்தோட யோக்கியதையைக் காட்டறேன். பாகை ஒழுங்காக் காச்சி எடுத்த வெல்லம் பழுப்பா, கொஞ்சம் கறுப்பாத்தான் இருக்கும். ஜனங்களுக்கு அது புடிக்காது. பளபளன்னு மஞ்சளா வேணும். வேணும்னா குடுத்துட்டுப் போறான்! ஹைட்ரோஸ் பவுடரைத் தூவு, ரேஷன் சர்க்கரையைக் கொட்டு, வெளுத்துடும். அதிகாரிங்க வந்து மூட்டை மூட்டையா புடிச்சுக்கிட்டுப் போறது அப்பப்ப நடக்கும். வாங்கறவன் திருந்தறது மட்டும் நடக்காது. உன் பீர்லயும் இந்தச் சூட்சுமம் இருக்கு. கருக வறுத்த மால்ட்டைக் கைப்பிடி போட்டா போதும், ருசி பெருசா மாறாது, தண்ணி செவந்துடும். வெல்லத்தை வெளுக்கப் பண்ணி ஏமாத்தறான், பீரைச் செவக்கப் பண்ணி ஏமாத்தறான். அதனாலதான் அந்த அமெரிக்காக்காரன் நிறத்துக்கு மூணோட நிறுத்திக்கிட்டான். அவனும் எங்கியோ மண்டியில ஏமாந்திருப்பான்போல.

பேரை நம்பினாலும் இதே கதிதான். கொலராடோவுல ‘ஃபேட் டயர்’னு ஒரு ஆம்பர் ஏல், 1991-லிருந்து ஓகோன்னு ஓடுச்சு. முதலாளி பெல்ஜியத்துல சைக்கிள்ல சுத்தினப்ப வந்த யோசனையாம். 2023-ல கம்பெனியே அதை வெளுத்து, ஆம்பர்ங்கிற பேரையும் எடுத்துடுச்சு. கலிபோர்னியாவுல மெண்டோசினோ கம்பெனி 1983-லிருந்து ‘ரெட் டெயில்’னு ஒரு ஆம்பர் ஏல் போட்டுச்சு. அந்தக் கம்பெனியை 1997-ல கைப்பத்தினது யாரு? நம்ம பெங்களூரு விஜய் மல்லையாதான். 2018-ல அதையும் மூடியாச்சு. ஆம்பர் ஏல்மேல உனக்கு இருக்கிற காதல்ல நூறு மடங்கு காசு வெச்சிருந்தவங்களே காப்பாத்த முடியல. நீ பேரைச் சொல்லி மார்க்கை ஏத்தாதே.

சரி, மால்ட்டுக்கு வருவோம். ‘மால்ட்டி’ன்னு ஒரு சொல்லைச் சொல்லிட்டு நீ தலையாட்டிட்டுப் போயிடறே. அது எங்கிருந்து வருதுன்னு கேளு. பார்லியை ஊறவெச்சு, முளைகட்டவிட்டு, முளை நீளறதுக்குள்ள சூடு காட்டி உலத்தினா மால்ட். ஆம்பர் ஏலுக்குன்னு இன்னொரு தினுசு உண்டு. கிரிஸ்டல்ம்பாங்க, கேரமல்ம்பாங்க. முளைவிட்ட தானியத்தை ஈரம் காயவிடாம 65 டிகிரி வாக்குல புழுங்க வெப்பாங்க. உமிக்குள்ளயே மாவு சர்க்கரையா மாறிடும். அப்புறம் சூட்டைக் கூட்டி வறுப்பாங்க. ஒவ்வொரு மணியும் உள்ளுக்குள்ள ஒரு குட்டிக் கொப்பரை! பாகு அதுலயே காஞ்சு, செவந்து, இறுகிக் கிடக்கும். கடிச்சா நொறுக்குனு உடையும். இந்தச் சர்க்கரையில ஒரு பங்கை ஈஸ்ட்டால தின்னு தீக்க முடியாது. அந்த மிச்சந்தான் உன் வாயில இனிப்பாவும் கனமாவும் நிக்குது.

ஆலைக்கொட்டாய்ல நான் கத்துக்கிட்டது ஒரே பாடம். பாகு பதத்துல இருக்கிறப்ப வர்ற மணம் வேற, அதைத் தாண்டினா வர்ற காந்தல் வேற. நடுவுல இருக்கிற நேரம் பீடி பத்தவைக்கிற நேரம்தான். பீடி பத்தவெச்சவன் கொப்பரையைக் கெடுத்தான். ஆம்பர் ஏலை வாயில வெச்சதும் நீ கேக்க வேண்டிய கேள்வி அதுதான்: பதமா, காந்தலா? பாகும் மிட்டாயும் ரொட்டி மேல்தோலும் மணந்துச்சுன்னா பதம். கருகின காப்பிக்கொட்டை வாசனை தூக்கலா அடிச்சா, அது போர்ட்டரு, ஸ்டவுட்டுங்கிற கறுப்பு பீருங்க குடியிருக்கிற வீதி, நீ வீடு மாறிப் போயிட்டே. முழுங்கி முடிச்சப்புறமும் பல்லுல ஒட்டற திகட்டல் இருந்தா, அது பாகு இறங்காத கொப்பரை; ஈஸ்ட் வேலையை முடிக்கல, இல்லாட்டி கிரிஸ்டல் மால்ட்டைக் கை தவறிக் கொட்டிட்டான். இனிப்பு உள்ள வரணும், உக்காரணும், சொல்லிக்கிட்டுக் கெளம்பணும்; நீ கேட்ட பினிஷ் அதுதான். கெளம்பாத இனிப்புக்கு மார்க்கைக் குறை.

இனிப்பைக் கெளப்பி விடறதுக்குத்தான் கசப்பு. ஹாப்ஸுங்கிற பூவைப் போட்டுக் கொதிக்கவெச்சு கசப்பு ஏத்தறான். ஆம்பர் ஏலுக்கு அந்த நடுவர் சபை 25-லிருந்து 40 வரைக்கும் கசப்பு அளவு சொல்லியிருக்கு, சாராயச் சத்து 4.5-லிருந்து 6.2 சதவீதம். வீட்டுல பாகற்காய்க் குழம்பு வெச்சா தட்டைத் தள்ளிட்டு முட்டை கேட்ட பய நீ. அங்க காசு குடுத்து, வரி குடுத்து, டிப்ஸும் குடுத்துக் கசப்பு வாங்கி, ‘பேலன்ஸ் பிரமாதம்’னு எழுதறே. உன் அத்தை இதைக் கேட்டா பாகற்காய்க் குழம்புக்கும் ஒரு விலைப்பட்டியல் ஒட்டிடுவா.

குளிர் விஷயத்துல ஒரு புத்திமதி. சில்லுனு வேணும், டம்ளர் வேர்க்கணும், பல்லு கூசணும்னு கேளு. அப்பத்தான் ஒரு வாசனையும் மூக்குக்கு எட்டாது, உன் மார்க்கை யாரும் மறுக்கவும் முடியாது. சாமர்த்தியமான ஏற்பாடு! மாறா, நிசமாவே மால்ட்டு என்ன சொல்லுதுன்னு தெரியணும்னா 7-லிருந்து 12 டிகிரிக்குள்ள இருக்கட்டும். டம்ளரை உள்ளங்கையில கொஞ்ச நேரம் புடிச்சுக்கோ. சூடு ஏற ஏற ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வரும், நல்லதும் வரும், கெட்டதும் வரும். ஊத்தின கையோட முதல் வேலை மோந்து பாக்கிறது. சென்ட்டு அடிச்சுக்கிட்டுப் போகாதே. எண்ணெய்க் கையால டம்ளரைத் தொடாதே, நுரை செத்துடும். நடுவுல நம்மூரு தட்டுவடை செட் வரவழைச்சுடாதே. ரெண்டு தட்டைக்கு நடுவுல பீட்ரூட்டும் கேரட்டும் வெச்சு, பச்சையும் செவப்புமா சட்னி தடவி வாயில போட்டுட்டு நீ சொல்ற தீர்ப்பு சட்னிக்குத்தான் போய்ச் சேரும். உப்பில்லாத ரொட்டியும் பச்சைத் தண்ணியும் போதும். பாக்க பத்தியக்காரனாட்டம் இருக்கும், இருந்துட்டுப் போ.

குத்தம் கண்டுபிடிக்கிறதுல உனக்குப் பயிற்சி தேவையில்ல, உன் கல்யாணப் பேச்சுல பொண்ணு வீட்டு காபியைப் பத்தி நீ பேசினதை நான் மறக்கல. இருந்தாலும் நாலு குத்தம் சொல்றேன், கேட்டுக்க. வெண்ணெய் வாசனை வந்தா, ஈஸ்ட்டை அவசரப்பட்டு வெளிய தள்ளிட்டான்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அதுவே அந்த வாசனையைத் தின்னு சரிபண்ணியிருக்கும். பச்சை ஆப்பிள் வாசனை வந்தா, அதுவும் வேகாத அவசரம். வேகவெச்ச மக்காச்சோளம் அடிச்சா, கொதி பத்தல. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்தா, காத்து பட்டுப் பழசாயிடுச்சு. வெயில் பட்ட பாட்டிலைப் பத்தித் தனியாச் சொல்லணும். ஹாப்ஸ் மேல வெளிச்சம் படறதால ஒரு நாத்தம் வரும், பழுப்புப் பாட்டில் அதை நிறையவே தடுக்கும். அந்த நாத்தத்துக்கு நீங்க ஸ்கங்க்னு ஒரு அமெரிக்கப் பிராணி பேரைச் சொல்றீங்களாம். உன் கூட்டத்துல அந்தப் பிராணியை நேர்ல மோந்தவன் எத்தனை பேருன்னு எண்ணிப்பாரு. மோக்காத பிராணியை எழுதாதே. மோந்த வெல்லத்தை எழுது, மோந்த வைக்கோலை எழுது, படிக்கிறவன் நம்புவான்.

தீர்ப்பு சொல்ற முறையிலயும் நீ நம்மூரு பஞ்சாயத்து ரத்தம். யாரு முதல்ல தொண்டையைச் செருமறானோ அவன் சொன்னதுதான் தீர்ப்பு, மத்தவன் எல்லாம் ‘ஆமாங்க, அதேதாங்க’. அந்த நடுவர் சபையில அப்படி இல்ல. எல்லாரும் எழுதி முடிக்கிற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது, மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது, ‘ஆகா’ன்னு முனகவும் கூடாது. அப்புறம் மார்க்கை ஒப்பிட்டுப் பாத்து, ரொம்ப விலகியிருந்தா உக்காந்து பேசணும். உன் கூட்டத்துல கண்ணாடி போட்ட ஒருத்தன் ‘டாபி’ன்னு சொன்னதும் அஞ்சு பேரு நாக்குலயும் டாபி மொளைக்குது. அவன் ‘புளியங்காய்’னு சொல்லியிருந்தா புளியங்காயும் மொளைச்சிருக்கும். முதல்ல எழுதிப் பூட்டு, அப்புறம் பேசு. உன் தாள்ல எல்லா பீருக்கும் 46, 47, 48-ன்னு இருக்கு. 45-லிருந்து மேல போட்டா உலகத் தரம்னு அர்த்தமாம். வாரம் ரெண்டு உலக அதிசயம் உன் வாயில விழுது, குடுத்து வெச்சவன்!

அளவைப் பத்தி நீ கேக்கல, கேக்காததுதான் முக்கியம். நடுவனுக்கு ஊத்தறது ரெண்டு மூணு வாய். லேசானது முதல்ல, கனமானதும் கசப்பானதும் கடைசியில. மூணாவது டம்ளர் முழுசா உள்ள போன நாக்கு எல்லாரையும் மன்னிச்சுடும். அது கருணை, தீர்ப்பு இல்ல. குடிகாரனுக்கும் ருசிக்காரனுக்கும் நடுவுல இருக்கிறது அந்த மூணாவது டம்ளர்தான், மாப்ளே. பெங்களூருல இருந்து நீயே வண்டியை ஓட்டிக்கிட்டு தொப்பூர் கணவாய் இறங்கி வர்ற உத்தேசம் இருந்தா, மூணு வாயும் வேணாம், மோந்து பாத்துட்டு வா. பன்னெண்டு மார்க்கு மூக்குக்கே இருக்கு.

பாட்டிலைக் கையோட கொண்டாரேன்னு சொல்லாதே. கர்நாடகச் சரக்கு எல்லையைத் தாண்டினா அந்த 1937-ம் வருஷத்துச் சட்டக் கெழவன் முழிச்சுக்குவான். பக்கத்துத் தென்னையில இறக்கற கள்ளுக்கே 1987 சனவரி 1-லிருந்து தடை; ராஜஸ்தான்ல வெளையற பார்லிக்குக் கடை. இதுல நியாயம் தேடாதே, தேடினா தலைவலிக்கு வேற செலவு.

கடைசியா உனக்கு ஒரு பரீட்சை வெக்கறேன். மூணு டம்ளரு. ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற. எது வேறன்னு கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லணும். பெரிய பெரிய கம்பெனிக்காரங்க ருசி பாக்கிறவங்களைப் பொறுக்கறதும் இந்த மூணு டம்ளரை வெச்சுத்தான். குருட்டாம்போக்குல கை காட்டினாலே மூணுல ஒரு வாட்டி சரியா வரும். அதனால ஒரு தடவை ஜெயிச்சுட்டு மீசையை முறுக்காதே, திரும்பத் திரும்பச் செய். தேறினா உன் மார்க்கை நான் மதிக்கறேன். தேறலைன்னா ஒரு அவமானமும் இல்ல, புடிச்சதைப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு ரசிச்சுக் குடி. அதுக்குத் தாளும் வேணாம், தகுதியும் வேணாம்.

எனக்கு ஏதாச்சும் கொண்டாரணும்னு தோணுச்சுன்னா, பீர் காச்சறவன்கிட்ட அந்தக் கிரிஸ்டல் மால்ட்டு ஒரு படி வாங்கிட்டு வா. தானியத்தைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்ல. ரெண்டு மணியை மென்னு பாத்து, உன் பீர் பதமா காந்தலான்னு இங்கிருந்தே சொல்லிடறேன். காச்சி எடுத்த சக்கையும் ஒரு மூட்டை கேட்டு வாங்கு. பெங்களூரு மாட்டுக்காரங்க அதைத்தான் தீவனமா ஓட்டிக்கிட்டுப் போறாங்க. நம்ம எருமைக்கு வெப்போம். அது படம் எடுக்காது, பேரைக் கேக்காது, பக்கத்து எருமை என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லாது. அம்பதுக்கு எத்தனைங்கிறதை மறுநா காலையில செம்புல கறந்து பாத்துக்கலாம்.